தாத்தா ரத்தமா, ஹார்மோனா?

வணக்கம். என் மூத்த மகனுக்கு 15 வயது. போன வாரம் கைபேசியைப் பிடுங்கி வைத்த கோபத்தில், தம்பியைச் சுவரில் மோதத் தள்ளிவிட்டான். சின்னவன் நெற்றியில் இரண்டு தையல். “அவன் தாத்தா ரத்தம், அப்படித்தான் இருப்பான்” என்கிறார் மாமியார். கணவரோ ஹார்மோன் கோளாறு, ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

ரத்தப் பரிசோதனைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவை வைத்து ஒரு பையன் கை ஓங்குவானா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் மிக அதிகமாக இருப்பது இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள்தான் என்று மாண்ட்ரியல் ஆய்வாளர் ரிச்சர்ட் டிரம்பிளே காட்டினார். அந்த ஹார்மோன் பெருகுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே! பதினைந்தில் கையில் பலம் கூடிவிடுவதால் தையல் போட வேண்டியதாகிறது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பிறவிக் கூறு இல்லவே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் மொரீஷியஸில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 1,795 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர், நம் தமிழர்களும் அதில் உண்டு. மூன்று வயதில் இதயத்துடிப்பு குறைவாக இருந்தவர்களிடம் பதினொரு வயதில் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. உடல்தான் விதி என்று அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அதே ஆய்வில் நூறு குழந்தைகளுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் தினமும் பால், பழச்சாறு, மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்ந்த சூடான சாப்பாடு, ஓடியாட நேரம், நல்ல பாலர் பள்ளி எல்லாம் கொடுத்தார்கள். பதினேழு வயதில் அவர்களிடம் நடத்தைச் சிக்கல் குறைவு. மூன்று வயதில் ஊட்டச்சத்துக் குறைந்திருந்தவர்களுக்கே பலன் அதிகம். இருபத்து மூன்று வயதிலும் அந்த நூறு பேர் தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள் மற்றவர்களைவிடக் குறைவு. தாத்தா ரத்தம் அவர்களுக்கும் இருந்திருக்குமே!

உங்கள் மகனுக்கு மூன்று வயது திரும்பாது என்பது உண்மைதான். ஆனால் இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான், காலையில் சாப்பிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறானா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அதை முதலில் கவனியுங்கள். இந்த முரட்டுத்தனம் திடீரென்று வந்தது என்றாலோ, தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியது என்றாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றாலும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசலாம், கட்டணம் கிடையாது. அதுவரை சின்னவனை அவனோடு தனியே விட வேண்டாம். “தாத்தா ரத்தம்” என்ற பேச்சை மூத்தவன் காதுபட யாரும் பேசவும் வேண்டாம்.