1,500 வாட் மெஷினா, 200 வாட் மெஷினா?

கேள்வி: தூத்துக்குடியில் சின்ன வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். நானும் ஒரு ஹெல்ப்பரும்தான். பழைய கேட், பைக் டேங்க், மெஷின் பாகங்கள் எல்லாம் துரு எடுக்க வருகின்றன. வெல்டிங், கட்டிங், துரு நீக்கம் மூன்றும் செய்யும் 1,500 வாட் லேசர் ஒன்றை ஒருவர் காட்டினார். இன்னொருவர் துரு மட்டும் எடுக்கும் 200 வாட் மெஷினுக்கு அதைவிட அதிக விலை சொல்கிறார். வாட் குறைவு, விலை அதிகம். ஏமாற்றுகிறாரா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இரண்டும் வேறு ஜாதி மெஷின்கள். துருவுக்கென்று வரும் 200 வாட் மெஷின் பெரும்பாலும் பல்ஸ் வகை. ஒளியை விட்டு விட்டு, வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அடிக்கும். சராசரிதான் 200 வாட். ஒவ்வொரு அடியின் உச்சத்திலும் ஆயிரக்கணக்கான வாட் இருக்கும். துரு அதை உறிஞ்சி ஆவியாகிப் பறந்துவிடும். அடியில் இருக்கும் இரும்பு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். சூடு உள்ளே இறங்கவும் நேரமிருக்காது.

மூன்று வேலை மெஷின் பொதுவாக நிற்காமல் ஒளி பாய்ச்சும் வகை. வேகம் உண்டு, ஆனால் சூடு தகட்டில் இறங்கும். கனமான ஆங்கிள், சேனலுக்குப் பரவாயில்லை. பைக் டேங்க் தகடு நெளியலாம், நீலம் பூக்கலாம். டேங்க்கின் உட்புறத் துருவை இரண்டு மெஷினாலும் எடுக்க முடியாது. ஒளி நேராகப் படும் இடம் மட்டும்தான் சுத்தமாகும். பெட்ரோல் ஆவி போக நன்றாகக் கழுவாத டேங்க்கில் லேசர் பக்கமே போகாதீர்கள்.

விற்பனையாளர் தன் தகட்டில் செய்து காட்டுவதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். அது லேசாகத் துருப்பிடித்த, தட்டையான தகடாகத்தான் இருக்கும். உங்கள் பட்டறையில் கிடக்கும் மோசமான கேட் துண்டையும் ஒரு மெல்லிய தகட்டையும் கொண்டுபோய், கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். செதில் செதிலாகப் பெயரும் துருவை லேசரால் எடுப்பது ஆமை வேகம். அதை முதலில் தட்டி உதிர்க்கத்தான் வேண்டும்.

கண்ணாடிக்கும் புகை உறிஞ்சிக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். இந்த ஒளி சுமார் 1,064 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி. பளபளப்பான இரும்பில் பட்டுத் திரும்பும் ஒளியே விழித்திரையைப் பொசுக்கப் போதும். வெல்டிங் கண்ணாடி இதற்கு ஆகாது. அலைநீளமும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்ணும் (OD) அச்சிட்ட லேசர் கண்ணாடி வேண்டும், ஹெல்ப்பருக்கும் சேர்த்து. தெருவைப் பார்த்த பட்டறை என்றால் மறைப்பும் வேண்டும். வெறுங்கண்ணோடு டெமோ காட்டுபவரிடம் நான் வாங்க மாட்டேன். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் துத்தநாகப் புகையும் பழைய பெயிண்டில் இருக்கக்கூடிய ஈயமும் நெஞ்சுக்குள் போகும். சாதாரண முகமூடி தாங்காது.

உங்கள் ஊர்க் கடல் காற்றில், சுத்தமான இரும்பு சீக்கிரமே மறுபடி செம்மை தட்டும். அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். மணல் வீச்சு தரும் சொரசொரப்பு லேசரில் அவ்வளவாகக் கிடைக்காது என்பதால், கனமான எபாக்சி பூச்சு கேட்கும் வேலைகளை ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

கேட் வேலைதான் அதிகம் என்றால், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டுவதே இன்றும் லாபம் என்பது என் கணக்கு.

வாங்கினால், மெஷின் வகை, லேசர் மூலத்தின் கம்பெனி, வாரண்டி, பழுது பார்க்க ஆள் வரும் பொறுப்பு எல்லாம் பில்லிலோ கொட்டேஷனிலோ எழுத்தில் இருக்கட்டும். ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது’ என்று பிறகு மிரட்டுவார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு. முதலில் 1915 உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.