கிளியிடம் உண்மையைச் சொல்லலாம், புரோக்கரிடம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 28. தரமணியில் வேலை. இப்போது கர்ப்பம், ஐந்தாவது மாதம். ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், குறைத்துக் குறைத்து மூன்றில் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் பழக்கம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் அக்கா, அங்கே கர்ப்பிணிகளிடம் கம்ப்யூட்டரே பேசிப் பழக்கத்தை விட வைக்கிறது என்கிறாள். வாட்ஸ்அப்பில் அதே மாதிரி '21 நாள் கம்ப்யூட்டர் கவுன்சலிங், 12,000 ரூபாய்' என்று ஒரு விளம்பரம் வந்தது. சேரலாமா? உண்மையைச் சொன்னால் மாமியார் காதுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அந்த 12,000 ரூபாயைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிரசவச் செலவுக்கு ஆகும்.

அக்கா சொன்னது பொய் இல்லை. டெட்ராய்ட் நகரில் ஸ்டீவன் ஆண்டர்ஸ்மா என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண்ணிடம் ஒரு சின்னக் கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் கொடுப்பார்கள். திரையில் ஒரு பொம்மைக் கிளி வந்து பேசும். மெரினாவில் கிளி சீட்டு எடுத்து உங்கள் தலையெழுத்தைச் சொல்லும். இந்தக் கிளியோ கேள்விதான் கேட்கும். என்ன பழக்கம், அதில் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, மாற்றிக்கொள்ள விருப்பம் உண்டா? விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்தாது. மொத்தமே 20 நிமிடம்தான்.

2007இல் வந்த ஆய்வில் 107 தாய்மார்கள். கிளியோடு பேசியவர்களிடம் நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, கஞ்சாவைத் தவிர மற்ற போதைப்பொருள் பழக்கம் குறைந்திருந்தது. 2014இல் 143 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். மூன்றாம் மாதம் பலன் தெரிந்தது, ஆறாம் மாதம் அது தேய்ந்துபோனது. உங்கள் விஷயத்துக்கு நெருக்கமானது 2012 ஆய்வு. புகைபிடிக்கும் கர்ப்பிணிகள் 110 பேர். கம்ப்யூட்டர் பேசிய பிரிவில், பத்து வாரம் கழித்து, சிகரெட்டை விட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஆக, இது ஒரு நல்ல உந்துதல். வைத்தியம் இல்லை. அப்புறம், அதை யாரும் அந்தப் பெண்களிடம் 12,000 ரூபாய்க்கு விற்கவில்லை.

கம்ப்யூட்டரில் மந்திரம் எதுவும் இல்லை. அதற்கு முகம் கிடையாது, அவ்வளவுதான். நம் ஊர் ஓ.பி.யில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மேஜையைச் சுற்றி பத்துப் பேர், பக்கத்தில் மாமியார். நர்ஸ் தலை நிமிராமல் "பழக்கம் கிழக்கம் ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்பார். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் தலையாட்டுவதற்குள் 'இல்லை' என்று எழுதியாகிவிடும். நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உங்களிடம் யாரும் சரியாகக் கேட்கவே இல்லை. மூன்று மணி நேரம் காக்க வைக்கிறோம், சுவரில் டிவி மாட்டி விளம்பரம் போடுகிறோம், ஒரு மூலையில் திரை கட்டி ஒரு டேப்லெட் வைக்க மட்டும் நமக்கு வழியில்லை! இதைப் பல கூட்டங்களில் சொல்லி அலுத்துவிட்டேன். தலையாட்டுவார்கள், டீ வரும், கலைந்துவிடுவோம்.

சரி, அந்த வாட்ஸ்அப் விளம்பரம். என்னிடம் வந்த ஒரு பெண் இதே மாதிரி ஒன்றைக் காட்டினார். அவர் போனிலேயே நான் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் 'இல்லை, இல்லை' என்று தட்டினேன். கடைசியில் சிவப்பு எழுத்தில் 'உங்கள் குழந்தை அபாய நிலையில்' என்று வந்தது. பழக்கமே இல்லாதவளுக்கும் அபாயமாம்! அதற்கு முன்பே கணவர் பெயர், கணவர் போன் நம்பர் எல்லாம் கேட்டு வாங்கியாகிவிட்டது. பத்து நிமிடத்தில் ஒரு ஆள் போன் செய்கிறான். பேக்கேஜில் ஆரம்பித்து 'எங்க சென்டர்ல அட்மிஷன் போட்டுடலாம் மேடம்' என்று முடிக்கிறான். சேர்த்துவிட்டால் அவனுக்குக் கமிஷன். மாமியார் காதுக்கு விஷயம் போவது இந்த மாதிரி ஆட்களால்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் போதைப் பழக்கமும் அடங்கும். அதன்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும். சிகிச்சை நிலையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், போனை வைத்துவிடுவான்.

பழக்கத்தை விட வைக்கும் என்று சொல்லி விற்கும், காப்பியில் கலக்கும் பவுடர், இ-சிகரெட் இரண்டையும் தொடாதீர்கள். இ-சிகரெட்டுக்கு 2019இலேயே நாட்டில் தடை வந்துவிட்டது. நிகோட்டின் சூயிங்கத்தையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

உங்கள் மூன்று சிகரெட்டுக்கு வருகிறேன். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, குழந்தைக்குப் போய்ச் சேருவது குறைகிறது. எடை குறைந்து பிறப்பதும் மாதம் முழுமையாகாமல் பிறப்பதும் அதிகமாகும். மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி இழுக்க வேண்டாம். இன்றைக்கே நிறுத்தலாம், குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், சில நாட்களில் அடங்கும்.

இதைப் படித்துவிட்டு இன்னொருத்தி வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இன்றைக்கே நிறுத்து' என்பது சிகரெட்டுக்கு மட்டும். தினமும் குடிப்பவர் கர்ப்பம் தெரிந்ததும் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நாள்கணக்கில் தூக்க மாத்திரை எடுப்பவருக்கும் அப்படித்தான். டிரமடால் மாதிரி வலி மாத்திரைக்கோ ஹெராயினுக்கோ பழகியவர் பட்டென்று நிறுத்தினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2014 வழிகாட்டுதலில், ஓபியாய்டுக்கு (டிரமடால், ஹெராயின் வகைக்கு) அடிமையான கர்ப்பிணிக்குப் புப்ரினார்ஃபின் போன்ற மருந்தைக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. வீட்டில் பூட்டி வைத்து 'வைராக்கியம்' காட்ட வைக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்படிப் பழகியவர்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும். எந்தக் கிளிக்கும் இது ஆகாது.

கிளி இல்லாத ஊரில் நீங்கள் என்ன செய்வது? முகம் தெரியாமல் பேச வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். டீக்கடையில் லூசில் வாங்குபவர் கண்ணில் அந்தப் பெட்டி படுவதே இல்லை என்பது வேறு விஷயம். மனது படபடத்தால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழில் பேசலாம், இதற்கும் காசு இல்லை.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் 'தினமும் மூன்று சிகரெட், விட வேண்டும், தனியாகப் பேச வேண்டும்' என்று எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குள் வைத்து டாக்டர் கையில் கொடுங்கள். எடை பார்க்க உள்ளே கூப்பிடும்போது மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதுதான் சமயம்.