சுக்கை இஞ்சியின் இடத்தில் போடாதீர்கள்

கேள்வி: இஞ்சி தீர்ந்துபோன நாட்களில் வெண்பொங்கலுக்கும் மட்டன் குழம்புக்கும் கடைச் சுக்குப் பொடியைப் போட்டுச் சமாளிக்கிறேன். காய்ந்த இஞ்சிதானே சுக்கு? ஆனால் வீட்டில் எல்லோரும் 'மருந்து வாடை அடிக்கிறது' என்கிறார்கள். எவ்வளவு போட்டால் சரியாக இருக்கும்?
- வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: எவ்வளவு போட்டாலும் சரியாக இருக்காது. உங்கள் வீட்டாரின் நாக்கு பொய் சொல்லவில்லை.

பச்சை இஞ்சியில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். காயும்போது தண்ணீரோடு, எலுமிச்சையை நினைவூட்டும் அந்தப் பச்சை வாசனையும் பெரும்பகுதி போய்விடுகிறது. இஞ்சிக்குக் காரம் தருவது 'ஜிஞ்சரால்' (gingerol) என்ற வேதிப்பொருள். உலரும்போது அதில் ஒரு பகுதி 'ஷோகால்' (shogaol) என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. இதன் காரம் அதைவிடக் கடுமையானது. இஞ்சி நாக்கில் சுரீரென்று பட்டு அடங்கும்; சுக்கு தொண்டைக்குள் இறங்கி நின்று எரியும். வெண்பொங்கலில் நெய்யும் மிளகும் சீரகமும் தூக்கலாக நிற்க, நடுவே பல்லில் கடிபடும் இஞ்சித் துணுக்குதான் அழகு. அந்த இடத்தில் பொடியைக் கொட்டினால் பொங்கல் கஷாயம் ஆகாமல் என்ன செய்யும்?

மட்டன் விஷயம் இன்னும் மோசம். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அரைத்த இஞ்சியைப் பூசி ஊறவைத்தால் கறி மெத்தென்று வேகிறதே, அது இந்த நொதியின் வேலை. சுக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இதே நொதிதான் டீயில் பாலைத் திரியவைப்பதும். பாலில் நேரே இஞ்சியைத் தட்டிப் போடாமல், முதலில் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்றுங்கள்.

இதற்காகச் சுக்கைத் தாழ்த்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வெல்லம் சேரும் இடமெல்லாம் சுக்கின் ராஜ்ஜியம். பானகம், சுக்கு மல்லிக் காபி, கேரளத்து வாழைப்பழப் பாயசமான பழப்பிரதமன், வறுத்த வாழைக்காயை வெல்லப்பாகில் புரட்டும் சர்க்கரை வரட்டி ஆகியவற்றில் இஞ்சியைப் போட்டால் அந்த ஆழம் வராது. சோற்றில் பிசைந்து சாப்பிடும் அங்காயப் பொடியும் சுக்கு இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தப் பொடிப் பாக்கெட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அரைத்து நாளான பொடியில் வாசனை போய்க் காரம் மட்டும் மிஞ்சும். முழுச் சுக்காக வாங்குங்கள். ஒடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். உள்ளே நார் தெரிய வேண்டும். பூச்சித் துளை இருக்கக் கூடாது. வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பில் புரட்டியதாக இருக்கலாம். மங்கிய பழுப்பு நிறத்தில் இருப்பதே எனக்குப் பிடிக்கும். தோலைச் சீவி, வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கி, இடித்துச் சலித்தால் நார் தங்கிவிடும். பதினைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் இடித்தால் போதும்.

இஞ்சி தீர்ந்துபோவதுதான் உங்கள் உண்மையான தொல்லை என்றால், அதற்கு வழி மண்சட்டியில் இருக்கிறது. லேசான ஈரமுள்ள மணலில் இஞ்சியைப் புதைத்து, நிழலில் வையுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை ஒடித்துக்கொள்ளலாம். முளை விட்ட துண்டைத் தொட்டியில் ஊன்றிவிடுங்கள்.