பாரிஸ்-இஸ்தான்புல் ரயில்னு பேர் வாங்குன ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் இப்பவும் ஓடுதா? நம்மாளுங்க யாராவது அதுல போயிருக்கீங்களா?

நான் போயிருக்கேன். சிரிக்கிறவங்க முழுசா படிச்சிட்டு சிரிங்க.

நீங்க அனேகமா நீலப் பெட்டி, வெள்ளித் தட்டு, பியானோன்னு ஏதோ ரீல்ஸ் பாத்துட்டுதான் கேக்குறீங்க. அது தனியார் சுற்றுலா வண்டி. ஜேம்ஸ் ஷெர்வுட்னு ஒரு தொழிலதிபர் பழைய பெட்டிகள ஏலத்துல எடுத்து, சீர் பண்ணி, 1982ல லண்டன்-வெனிஸ் விட்டாரு. அழகான வண்டிதான், குத்தம் சொல்லல. ஆனா டிக்கெட் வெல பாத்தா தல சுத்தும்.

நான் போனது டைம்டேபிள்ல இருந்த அசல் வண்டி. 2008ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல படிச்சிட்டிருந்தப்ப வியன்னா போக ராத்திரி வண்டி தேடுனேன், ஸ்டேஷன் போர்டுல ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்னே போட்டிருக்கான், எனக்கு கை கால் ஓடல. உள்ள போனா ஆறு பேர் படுக்குற கூப்பே, எனக்கு நடு பெர்த், மேல ஒருத்தர் குறட்டை, கீழ ஒரு பாட்டி விடிய விடிய ஆப்பிள் நறுக்கி சாப்பிடுறாங்க, டைனிங் காரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. காலைல அட்டெண்டர் எழுப்பி ஒரு காபி குடுத்தாரு, அவ்ளோதான் லக்ஸரி.

இத ஒரு கல்யாண வீட்டுல சொன்னதுக்கு என் மச்சான், "அது டூப்ளிகேட்டு மாப்ள, ஒரிஜினல் இஸ்தான்புல் வரைக்கும் போகும்"னு பத்து பேர் முன்னாடி கலாய்ச்சுட்டான். அவனுக்கும் சேத்துதான் இந்தப் பதில்.

1883 அக்டோபர் 4ஆம் தேதி நாகல்மாக்கர்ஸ்ங்கற பெல்ஜியம்காரர் பாரிஸ்ல கெளப்பி விட்டாரே முதல் வண்டி, அதுவே இஸ்தான்புல் போகலய்யா! ருமேனியால ஜுர்ஜு வரைக்கும்தான். அங்க எறங்கி டான்யூப் ஆத்த படகுல தாண்டி, பல்கேரியால வேற ரயில் புடிச்சு வார்னா போய், அங்கேர்ந்து கப்பல். முழுசா தண்டவாளத்துலயே போனது 1889லதான். அப்ப முதல் ஆறு வருஷம் ஓடுனதும் டூப்ளிகேட்டா?

1977ல நின்னுச்சேன்னு கேப்பீங்க. அது ஆல்ப்ஸ் மலைல இருக்குற சிம்ப்ளான் சுரங்கம் வழியா மிலன், வெனிஸ், பெல்கிரேட்னு சுத்திப் போன கிளை. மியூனிக், வியன்னா பக்கம் போன வண்டி அதுக்கப்பறமும் ஓடுச்சு, 2001ல வியன்னாவ தாண்டிப் போறத வெட்டுனாங்க, 2007ல பாரிஸ்-ஸ்ட்ராஸ்பூர்க் நடுவுல அதிவேக ரயில் வந்ததும் அந்தப் பக்கத்தையும் வெட்டிட்டாங்க, 2009 டிசம்பர்ல மொத்தமா மூடிட்டாங்க. வாலு தலைன்னு ரெண்டு பக்கமும் வெட்டுனாலும் வண்டி அதேதான், இல்லன்றவங்க கமெண்ட்ல ஆதாரத்தோட வாங்க.

   

சரி, உங்க விஷயம். ரயில்லயே இஸ்தான்புல் போகணும்னா எப்படியாவது பல்கேரியா தலைநகர் சோபியா வரைக்கும் மாறி மாறி வந்துருங்க. அங்கேர்ந்து ராத்திரி வண்டி இருக்கு, ஆனா ஊருக்கு வெளிய ஹல்கலிலயே எறக்கி விட்ருவான். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ன பழைய சிர்கெசி ஸ்டேஷன பாக்கணும்னா அங்க லோக்கல் ரயில் புடிங்க.