பார்படாஸின் கார்லைல் பே கடற்கரை: கேள்வி பதில்

கரீபியன் தீவான பார்படாஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டி வளைந்து கிடக்கும் விரிகுடா இது. வடக்கே பிரவுன்ஸ், நடுவில் பேஷோர், தெற்கே பெபிள்ஸ் என்று ஒரே மணல்பரப்புக்கு மூன்று பெயர்கள். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

அக்கா, நாங்கள் டொராண்டோவில இருந்து ரெண்டு சின்னப் பிள்ளைகளோட போறம். கடல் உண்மையிலேயே அமைதியோ?

அமைதிதான். காற்று வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வீசுகிறது. விரிகுடா மேற்குப் பார்த்தது, தெற்கே நீடம்ஸ் முனை அணைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. அட்லாண்டிக் அலை முழுவதையும் கிழக்குக் கரையின் பாத்ஷீபா வாங்கிக்கொள்கிறது. அங்கே பிள்ளைகளைக் கடலில் இறக்கவே கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் புயல் எழுந்தால், சில நாள் கார்லைல் பேயிலும் கரையோர அலை அடிக்கும்.

ஆனால் அந்தக் கிழக்குக் காற்று இங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்பதை மறக்காதீர்கள். காற்றடைத்த மெத்தை, வாத்து மிதவை எதில் பிள்ளையை உட்கார வைத்தாலும் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அலை இல்லாததால் யாரும் கவனிப்பதும் இல்லை. மிதவையை வீட்டிலேயே வைத்துவிட்டு, அளவான லைஃப் ஜாக்கெட் எடுத்துப் போங்கள். கயிறு கட்டிப் பிரித்த நீச்சல் பகுதியை விட்டு வெளியே போக வேண்டாம். அப்பால் படகும் ஜெட் ஸ்கியும் ஓடும்.

கப்பலில் வருகிறோம், ஆறு மணி நேரம்தான் கையில். டாக்ஸியா, பஸ்ஸா?

துறைமுகத்திலிருந்து நகரம் வழியாக, சேம்பர்லைன் பாலம் தாண்டி, பே ஸ்ட்ரீட்டில் நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெயிலில் குழந்தைகளோடு என்றால் டாக்ஸிதான் சரி. டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏறுமுன் தொகையைக் கேளுங்கள், கூடவே "பார்படாஸ் டாலரா, அமெரிக்க டாலரா?" என்றும் கேளுங்கள். 1 அமெரிக்க டாலருக்கு 2 பார்படாஸ் டாலர் என்பது நிலையான மாற்று. கேட்காமல் விட்டால் கட்டணம் இரட்டிப்பாகிவிடும். சாய்வு நாற்காலி, குடை வாடகைக்கும் இதே கதை. கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து, துண்டு விரித்து உட்காரக் காசில்லை.

பஸ், வேன் எதுவானாலும் 3.50 பார்படாஸ் டாலர். நீல நிற அரசு பஸ்ஸில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். வெள்ளை நிற 'இசட்-ஆர்' (ZR) தனியார் வேனில் தருவார்கள், பாட்டும் நெரிசலும் சேர்த்து. நிறுத்தப் பலகையில் 'டு சிட்டி' என்றிருந்தால் நகரத்துக்கு, 'அவுட் ஆஃப் சிட்டி' என்றிருந்தால் வெளியே.

மூழ்கிய கப்பல்களையும் ஆமையையும் படகு இல்லாமல் பார்க்க முடியுமா?

நீண்ட தூரம் நிற்காமல் நீந்த முடிந்தவருக்கு முடியும். விரிகுடாவுக்குள் ஆறு கப்பல்கள் கிடக்கின்றன. 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப் படகு ஆழம் குறைவான இடத்தில் இருப்பதால் ஸ்நார்க்கலுக்கு (முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி பார்ப்பதற்கு) அதுதான் தோது. 2002இல் மூழ்கடிக்கப்பட்ட பஜான் குவீன் அதைவிட ஆழத்தில். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். அதற்குப்பின் சுற்றுலாப் படகுகள் வரிசைகட்டும். தனியாகப் போகாதீர்கள், பளிச்சென்ற நிறத்தில் மிதவை உடுப்பு போடுங்கள். படகோட்டியின் கண்ணில் நீங்கள் பட வேண்டும்.

முகமூடிக்குள் தண்ணீர் வருகிறது என்று நம் ஆட்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் மீசைதான் காரணம். ரப்பர் விளிம்பு முடிமேல் உட்கார்ந்தால் ஒட்டாது. மூக்குக்கு நேர் கீழே ஒரு கீற்று அளவு மழித்துவிட்டால் போதும், இல்லையென்றால் சிலிகான் கிரீஸ் தடவலாம். பெண்களுக்கு நெற்றி முடி ஒரு இழை உள்ளே மாட்டினாலும் இதே கசிவு வரும். வாரை இறுக்குவதால் சரியாகாது. விளிம்பு மடங்கி இன்னும் கசியும்.

ஆமையைத் தொடாதீர்கள், மேலே மறித்து நீந்தாதீர்கள். மூச்சு வாங்க அது மேலே வந்தாக வேண்டும். கப்பல் இரும்பிலும் கை வைக்க வேண்டாம். நீண்ட முள் கொண்ட கருப்புக் கடல் முள்ளெலிகள் அங்கே ஒட்டியிருக்கும்.

வெயில் எப்படி? மர நிழல் உண்டா?

பிரிட்ஜ்டவுனும் சென்னையும் நிலநடுக்கோட்டுக்கு ஒரே 13 பாகை வடக்கில்தான் இருக்கின்றன. வெயில் நம் ஊர் வெயிலேதான், காற்று அதை மறைத்துவிடுகிறது. ஸ்நார்க்கல் செய்பவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும்தான் வேகும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

நிழலுக்கு ஒதுங்குமுன் மரத்தைப் பாருங்கள். அடிமரத்தில் சிவப்புப் பட்டையோ எச்சரிக்கைப் பலகையோ இருந்தால் அது மஞ்சினீல். பச்சை ஆப்பிள்போல் சின்னப் பழம் உதிர்ந்து கிடக்கும், விஷம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழையில் அதன் கீழே நின்றால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

நாங்கள் சைவம். பட்டினியா?

இல்லை. உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலைக் கறி வைத்த ரொட்டி கிடைக்கும், மக்ரோனி பை (சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி) உண்டு. ஃபிஷ் கேக் என்பது உப்பு மீன் போட்ட போண்டா, ஏமாந்துவிடாதீர்கள். மீன் சாப்பிடுபவர்கள் பெபிள்ஸ் பக்கம் கஸ் கடையில் கட்டர் வாங்குங்கள்: உப்பு ரொட்டிக்குள் மீன், மேலே மிளகாய்ச் சாறு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்; சுண்ணாம்புப் பாறை வடிகட்டிய நிலத்தடி நீர்.

கூட்டம் எப்போது?

கப்பல் வரும் நாள்களில் பத்து முதல் மூன்று வரை பேஷோர், பிரவுன்ஸ் பக்கம் நெரிசல். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் கூலரும் பாட்டுமாக வந்து இறங்கும். கலகலப்பு வேண்டுமானால் அதுதான் நேரம். அமைதி வேண்டுவோர் விடிந்ததும் பெபிள்ஸ் போங்கள். கேரிசன் பந்தயத் திடலின் குதிரைகளைக் குளிப்பாட்டக் கூட்டி வருவார்கள், கழுத்தளவு தண்ணீரில் மூக்குத் துவாரம் விரிய அவை நீந்தும். பின்னால் போய் நிற்காதீர்கள்.

சென்னையிலிருந்து வர விசா? கிரிக்கெட் மைதானமும் பார்க்கலாமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாக மாறினால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அந்நாட்டு விசா வேண்டும். லண்டன், டொராண்டோ வழிக்கும் டிரான்சிட் விதியைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். 2024 ஜூன் 29 அன்று இந்தியா டி20 உலகக் கோப்பை வென்ற கென்சிங்டன் ஓவல் நகரத்தின் மறுபக்கம்தான்.

பெட்டி கட்டும்போது ஒன்று: ராணுவ உடைபோல் திட்டுத்திட்டாக நிறம் கொண்ட (கமோஃப்ளாஜ்) துணி, குழந்தையின் தொப்பி ஆனாலும், பார்படாஸில் சட்டப்படி குற்றம். எடுத்து வைத்துவிடாதீர்கள்.