சால்ஸ்பரி, ஆமியாங்: உயரக் கணக்கு ஏன் இடிக்கிறது?

இங்கிலாந்தின் சால்ஸ்பரி, பிரான்சின் ஆமியாங் ஆகிய இரண்டு பேராலயங்களை ஒப்பிடும் உங்கள் அட்டவணையில் இரண்டு வேறு அளவுகள் கலந்துவிட்டன. சால்ஸ்பரிக்குப் போட்டிருக்கும் 123 மீட்டர், ஊசிக்கோபுரத்தின் உச்சி. ஆமியாங்குக்குப் போட்டிருக்கும் 42 மீட்டர், உள்ளே நடுக்கூடத்தின் கல் கூரை. கூரையோடு கூரையை வையுங்கள்: சால்ஸ்பரி சுமார் 26, ஆமியாங் 42. "உயரமான சால்ஸ்பரி உள்ளே ஏன் தாழ்வாகத் தெரிகிறது" என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

மீதிப் பாதி சுவரில் இருக்கிறது. இரண்டும் 1220-இல் தொடங்கியவைதான். ஆனால் உட்புறப் படத்தில் ஒரு தூணைப் பிடித்துக் கண்ணை மேலே ஓட்டிப் பாருங்கள். ஆமியாங்கில் மெல்லிய கல்தண்டு கீழிருந்து கூரை வரை அறுபடாமல் ஏறும். சால்ஸ்பரியில் கூரையைத் தாங்கும் தண்டுகள் கீழ்த் தூணைத் தொடுவதே இல்லை. நடு அடுக்கில்தான் தொடங்கும். கூடத்தின் நீளவாக்கில் கிடையாக ஓடும் கல் விளிம்புகளும் சுவரை அடுக்கடுக்காகப் பிரிப்பதால், பார்வை மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும்.

தரைப்படத்தையும் பாருங்கள். கிழக்குக் கோடி தட்டையாக, குறுக்குக்கூடம் (நீள் கூடத்தைக் குறுக்கே வெட்டும் கூடம்) இரண்டாக இருந்தால் சால்ஸ்பரி. பலகோணமாக வளைந்து ஏழு சிற்றாலயங்கள் இருந்தால் ஆமியாங்.

இதை வைத்து 'இங்கிலாந்து என்றாலே தாழ்வு, தட்டை' என்று எழுதிவிடாதீர்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி 1245-இல் கட்டத் தொடங்கிய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் பிரெஞ்சு பாணியை ஒட்டியது. சால்ஸ்பரியின் ஊசிக்கோபுரமும் 14-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. 1220 வரிசையில் அதைப் போடக் கூடாது.