முடக்குவாதமும் ஈறு நோயும்: பல்லைப் பிடுங்குவதா, சுத்தம் செய்வதா?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 51 வயது. பல வருடமாகப் பீடி சுற்றுகிறார். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியவில்லை. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, முன்பல் ஒன்று லேசாக ஆடுகிறது. "பல்ல பூரா எடுத்துட்டா வாதம் தன்னால அடங்கிரும்" என்கிறாராம் பக்கத்து வீட்டு ஆச்சி. பல் டாக்டர் சுத்தம் செய்யச் சொல்கிறார். சுத்தம் செய்தால் இருக்கிற பல்லும் ஆடிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். ஈறுக்கும் மூட்டுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா, எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறார்.

ஈறைச் சுத்தம் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மூட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்காதீர்கள்.

சம்பந்தம் உண்டு. அம்மாவுக்கு வந்திருப்பது வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டின் சவ்வையே தாக்கும் நோய். ரத்தப் பரிசோதனையில் 'ஆன்டி சிசிபி' என்று ஒன்று பார்த்திருப்பார்கள். உடம்பிலுள்ள சில புரதங்களில் ஆர்ஜினைன் என்ற பகுதி சிட்ருலினாக மாறுவதுண்டு. அப்படி மாறிய புரதத்தை அந்நியமாக நினைத்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிதான் அது. பலருக்கு மூட்டு வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் இது வந்துவிடுகிறது. அப்படியானால் கோளாறு மூட்டுக்கு வெளியே எங்கோ ஆரம்பித்திருக்க வேண்டும் என்று தேடியதில், நுரையீரலோடு ஈறும் கவனத்துக்கு வந்தது.

ஈறு நோயில் பெருகும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம், புரதத்தை இதே விதமாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. இன்னொரு ஈறு பாக்டீரியா வெளியிடும் நச்சு, நம் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈறு நோயும் முடக்குவாதமும் சேர்ந்து இருப்பவர்களின் ரத்தத்தில் வாய்க் கிருமிகள் திரும்பத் திரும்ப வந்துபோவதை 2023இல் வெளிவந்த ஆய்வு கண்டது. ஈறு வழியாக ரத்தம் கசியும் இடமெல்லாம் கிருமிக்கும் வழிதான்.

இதை வைத்து, அம்மாவின் ஈறுதான் வாதத்தைக் கொண்டுவந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பரம்பரைக்கும் புகைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. எதிர்த்திசையிலும் நடக்கிறது: விரல் மடங்காதவரால் சரியாகப் பல் தேய்க்க முடியாது. முடக்குவாதம் உள்ள சிலருக்கு எச்சில் வற்றி வாய் காய்ந்துபோகும். அதுவும் பல்லைக் கெடுக்கும்.

ஆச்சி சொன்ன யோசனையை ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே சொன்னார்கள். 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், உடம்பின் பல நோய்களுக்கு வாயில் ஒளிந்திருக்கும் சீழ்தான் காரணம் என்று மான்ட்ரியலில் பேசினார். அதன் பிறகு மேலைநாடுகளில் வாதம் என்று வந்தவர்களுக்கெல்லாம் பல்லையும் டான்சிலையும் எடுத்துத் தள்ளினார்கள். 1938இல் ரஸ்ஸல் செசில் என்ற அமெரிக்க மருத்துவர், சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, 200 முடக்குவாத நோயாளிகளின் விவரத்தை அலசிப் பார்த்தார். எடுத்ததால் வாதம் அடங்கவில்லை. இதே செசில் முன்பு அந்த வைத்தியத்தை ஆதரித்தவர். பல் போனவர்களுக்குப் பல் போனதுதான் மிச்சம். உங்கள் அம்மா அந்த வரிசையில் சேர வேண்டாம்.

சரி, சுத்தம் செய்தால் மூட்டுவலி குறையுமா? சில சிறிய ஆய்வுகளில் ஈறு சிகிச்சைக்குப் பின் மூட்டு வீக்கமும், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அளவும் ஓரளவு இறங்கின. வேறு சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. மூட்டுக்குப் பலன் வந்தால் லாபம். வராவிட்டாலும் பல் தங்கும், சாப்பாட்டை மென்று தின்னலாம். அதற்காகவே செய்யலாம்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயம் என்னிடம் வரும் பாதிப் பேருக்கு உண்டு. நடப்பது இதுதான். முனையில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக விடுவோம். நல்ல ஈறில் 3 மி.மீ.யோடு நின்றுவிடும். நோயுள்ள இடத்தில் 5, 6 என்று இறங்கும், எடுக்கும்போது முனையில் ரத்தம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் கல்லாக இறுகிய காரை வேரோடு ஒட்டியிருக்கும். எலும்பு கரைந்ததால் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. காரை பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பிடித்திருந்ததால் தெரியவில்லை. எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். வீக்கம் வடிந்தபின் ஈறு பல்லை இறுகப் பிடிக்கும். ஆழமான பள்ளம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்வார்கள். அப்புறம் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் திரும்ப வந்துவிடும்.

போகும்போது மூட்டு டாக்டரின் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே எடுத்துப்போங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த மருந்தால் வாய்ப்புண்ணும் வரலாம், இருந்தால் இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். சில ஆன்டிபயாட்டிக்குகள் இதோடு சேராது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. ஸ்டீராய்டு, எலும்பு பலத்துக்கான மாத்திரை அல்லது ஊசி, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து ஏதாவது இருந்தாலும் பல் டாக்டருக்குத் தெரிய வேண்டும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது.

வீட்டில் செங்கல் பொடி, சாம்பல், உப்புக்கல் வேண்டாம். மென்மையான பிரஷ் வாங்கி, பிடியில் துணியைச் சுற்றியோ சைக்கிள் ஹேண்டில் உறையை மாட்டியோ தடிமனாக்கிக் கொடுங்கள். வீங்கிய விரலுக்குப் பிடிக்க வரும். காலையில் கை விறைத்திருக்கும்போது ஒப்புக்குத் தேய்த்தாலும் பரவாயில்லை, ராத்திரி சாப்பிட்டபின் நிதானமாக இரண்டு நிமிடம் தேய்க்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அம்மா சொளகை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும்போது, கன்னத்தில் புகையிலை ஒதுக்கும் பழக்கம் உண்டா? வெற்றிலையோடு சேர்த்தாவது? உண்டென்றால் ஈறு சிகிச்சையின் பலன் குறையும், வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே வழி. திட்டாமல் கேளுங்கள். விட நினைத்தால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம். கன்னத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், பல் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.